தேன் காலம் பாட அட்டவணை பார்த்து வருவதில்லை

கேள்வி: நீலகிரியில் கோத்தகிரிச் சரிவில் ஓர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான்கு, ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகள் இருளர், மீதி குறும்பர். காடு, நிலம், அவர்களுடைய பண்பாடு ஆகியவற்றை வைத்து மூன்று வாரப் பாட அலகு ஒன்று தயாரிக்க ஆசை. ஆனால் தேன் காலத்தில் வருகை குறைந்துவிடும், மழை வந்தால் வெளியே போக முடியாது, பாடப்புத்தகத்தையும் முடிக்க வேண்டும். வேஷம் கட்டி ஆடும் விழாவாகவும் போய்விடக் கூடாது. எப்படித் திட்டமிடுவது?

உங்கள் கடைசிக் கவலையிலிருந்தே தொடங்குகிறேன். அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், வேலைக்கு வந்த புதிதில், ‘பழங்குடி வாரம்’ என்று ஒன்று நடத்தினேன். கலர் பேப்பரில் இலை வெட்டிப் பிள்ளைகள் தலையில் கட்டி, தவிலும் குழலும் வைத்து ஓர் ஆட்டம். பார்க்க வந்திருந்த ஒரு பாட்டி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: “இது கல்யாணத்துல ஆடறதா, சாவுல ஆடறதா டீச்சர்?” எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கும் நான் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. திங்கட்கிழமை எல்லோரும் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டோம். அவர்களுடைய வாழ்க்கை என் வகுப்பில் ஐந்து நாள் விருந்தாளியாக வந்துவிட்டுப் போய்விட்டது.

அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பிறகு, நான் அலகு எழுதும் முறையே மாறியது. இப்போது முதல் வேலையாக ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுவேன். இடப்பக்கம் மாறாதவை, வலப்பக்கம் மாறக்கூடியவை. மாறாதவை மூன்றுதான்: ஒரே ஒரு பெரிய கேள்வி, அதிலிருந்து பிள்ளை கட்டாயம் பெற வேண்டிய நாலைந்து கற்றல் விளைவுகள், ஊர்க்காரர்கள் “இதைச் சொல்லிக் கொடுக்கலாம்” என்று சம்மதித்த விஷயங்கள். தேதி, வரிசை, இடம், பேசப் போகிறவர், பிள்ளை எந்த வடிவத்தில் பதில் தரும் என்பதெல்லாம் வலப்பக்கம். நாம் பழகிய பாடக்குறிப்பு இதற்கு நேர் எதிர். அதில் தேதியும் வரிசையும் கல்லில் செதுக்கியது மாதிரி இருக்கும். கேள்வி என்ன என்பது மட்டும் தெளிவாக இருக்காது.

தேதியை ஏன் விட்டுவிட வேண்டும் என்பதற்கு உங்கள் மாவட்டத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. கூடலூர், தேவாலாப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளுக்கு அக்டோபருக்கு மேல் வரும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஒரே மாவட்டம், மலையின் இரண்டு முகம். ‘ஆகஸ்ட் இரண்டாம் வாரம்: ஓடையைப் பார்வையிடல்’ என்று மாவட்டம் முழுவதற்கும் ஒரு தாள் வந்தால், கூடலூர் ஆசிரியர் அதை வைத்து என்ன செய்வார்? நிலத்தை மையமாக வைத்த பாடம் வளைந்து கொடுத்தே ஆக வேண்டும். நிலம் அப்படித்தான் இருக்கிறது.

சரி, கேள்வி எது? ‘நம் காடு’ என்பது தலைப்பு. அதற்குப் பதில் கிடையாது, அதனால் அது பாடமாகாது. பிள்ளைகள் தேடிப் போய்ப் பதில் கொண்டுவரக்கூடிய கேள்வி வேண்டும். தேன் காலத்தில் வருகை குறைகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்போது கேள்வி கையிலேயே இருக்கிறது: “இந்த வருஷம் நம் பாறையில் தேன் எப்படி?” ஊரே பேசிக்கொண்டிருக்கும் விஷயம் அது. அதற்குப் பதில் சொல்லப் பூ, மழை, தேனீ, பாறை, ஏணி, விலை, சட்டம் எல்லாம் தெரிய வேண்டும். மூன்று வாரத்துக்கு மேலேயே தாங்கும்.

இந்தக் கேள்வியைப் பத்துப் பன்னிரண்டு துண்டுகளாக உடைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு நாளில் முடிய வேண்டும், தனியாக நிற்க வேண்டும். முந்தின நாள் வராத பிள்ளைக்கும் இன்றைய துண்டு புரிய வேண்டும். மழை நாளுக்கு நாலு துண்டு வகுப்புக்குள் செய்வதாகவும், வெயில் நாளுக்கு நாலு வெளியில் செய்வதாகவும் இருக்கட்டும். காலையில் வானத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த துண்டுகள் சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் தேனீக்கள். பாறையில் ஒற்றை அடையாகத் தொங்கவிடும் பெருந்தேனீ, பொந்துக்குள் அடுக்கடுக்காகக் கட்டும் அடுக்குத்தேனீ, புதர்க் கொம்பில் கட்டும் சின்னஞ்சிறு கொம்புத்தேனீ, கொட்டவே கொட்டாத கொசுத்தேனீ. இந்தப் பெயர்களை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். இருளர் வீட்டில் என்ன பெயர், குறும்பர் வீட்டில் என்ன பெயர் என்று அவர்கள் கேட்டு வரட்டும். தமிழுக்கும் சேர்த்துக் கரும்பலகையில் மூன்று பத்தி போட்டு எழுதினால் அறிவியலும் மொழிப்பாடமும் ஒரே பலகையில் வந்துவிடும்.

தேனீ நடனத்தை முற்றத்தில் நடத்தலாம். தேனீ ஆடி ஆடிப் பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் மற்ற தேனீக்களுக்குச் சொல்கிறது என்று கண்டுபிடித்த கார்ல் ஃபான் ஃப்ரிஷ்ஷுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. இருட்டுப் பொந்துக்குள் இருக்கும் அடுக்குத்தேனீ செங்குத்தான அடையில் ஆடும். அங்கே மேல் பக்கம்தான் சூரியன் என்று கணக்கு. கொம்புத்தேனீயோ தன் அடையின் மேல்தளத்தில் திறந்த வெளியில் ஆடுவதால், பூ இருக்கும் திசையை நேராகவே காட்டிவிடும். அதனால் பிள்ளைகளைக் கொம்புத்தேனீயாக ஆடச் சொல்லுங்கள், சுலபமாக வரும். ஒருத்தி பூவை ஒளித்துவைத்துவிட்டு வந்து ஆட வேண்டும், மற்றவர்கள் அந்தத் திசையில் தேட வேண்டும். கோணம் என்ற பாடத்தை இதைவிட நன்றாக நடத்த எனக்குத் தெரியவில்லை.

ஏணியை விட்டுவிடாதீர்கள். காட்டுக் கொடியில் பின்னிய ஏணியைப் பாறை உச்சியிலிருந்து தொங்கவிட்டு இறங்குவார்கள். படிக்கும் படிக்கும் நடுவே எத்தனை முழம், தாத்தாவின் முழமும் பேத்தியின் முழமும் ஏன் வேறு, அப்படியானால் எல்லோருக்கும் பொதுவான அளவு எதற்கு? நான்காம் வகுப்பு அளவைகள் முழுக்க இதில் இருக்கிறது. மேலே கயிற்றைக் காவல் காப்பவர் பெரும்பாலும் மனைவியின் உடன்பிறந்தவராக இருப்பார் என்று தேன் எடுப்பவர்கள் சொல்வார்கள். தன் அக்கா தங்கை தாலி இழக்க எந்த மைத்துனனும் விடமாட்டான் என்பதால். உறவுமுறைப் பாடத்தை இங்கிருந்து தொடங்கிப் பாருங்கள், வகுப்பில் கை தூக்காத பிள்ளை இருக்காது.

விலைக் கணக்கு ஐந்தாம் வகுப்புக்கு. பாறையில் இறங்கியவருக்குக் கிலோவுக்கு என்ன கிடைத்தது, கோத்தகிரிக் கடையில் பாட்டிலில் ஒட்டியிருக்கும் விலை என்ன என்று பிள்ளைகளே கேட்டு எழுதி வரட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்த பிறகு, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருளைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்கே உரிமை தருகிறது என்பதைச் சொல்லுங்கள். தேனும் அந்தப் பட்டியலில் உண்டு. பத்து வயதில் அதைத் தெரிந்துகொள்ளும் பிள்ளை, நாளைக்குக் கிராம சபையில் உட்காரும்போது வேறு மாதிரி உட்காரும்.

குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. 12 வருடக் கணக்குப்படி அடுத்து 2030. அப்போது உங்கள் மாணவிக்கு என்ன வயது, அவள் பாட்டி எத்தனை முறை அது பூத்ததைப் பார்த்திருப்பார் என்பது அரை மணி நேரக் கணக்கு. ஒரு மழை நாளுக்குப் போதும்.

நிலை வேறுபாட்டுக்கு நீங்கள் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று ஏற்கெனவே பிரித்துப் பழகியிருப்பீர்கள். அதையே இங்கும் வையுங்கள். அரும்பு நிலைப் பிள்ளை தேனீயை வரைந்து பெயர் சொல்லும், மொட்டு நான்கு வரி எழுதும், மலர் விலைப்பட்டியல் போடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். எழுத்தில் அரும்பாக இருக்கும் பிள்ளை, தேன் விஷயத்தில் வகுப்பிலேயே பெரிய அறிவாளியாக இருக்கலாம். அந்தப் பையன் வாயால் சொல்ல, மலர் நிலைப் பெண் எழுதட்டும். அவனை அப்போது வகுப்பு பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

தேன் காலத்தில் குடும்பத்தோடு போகும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிள்ளை பாறையில் ஏற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நாமும் அதை ஊக்குவிக்கக் கூடாது. ஆனால் அப்பாவோடு பாறையடிவரை போய்விட்டு வரும் பிள்ளையை ‘ஆப்சென்ட்’ என்று மட்டும் பதிந்துவிட்டு மறக்காதீர்கள். போகும் முன் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுங்கள். எத்தனை அடை இருந்தது, எத்தனையை எடுத்தார்கள், எத்தனையை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று நாலே கேள்வி. திரும்பி வரும்போது அவன் கையில்தான் வகுப்புக்கு வேண்டிய தகவல் இருக்கும்.

இப்போது சம்மதம். இதில்தான் நல்ல எண்ணம் உள்ள ஆசிரியர்களும் சறுக்குகிறார்கள். பண்பாடு என்றால் எல்லாமே வகுப்புக்குக் கொண்டுவரலாம் என்று நினைத்துவிடுகிறோம். பாறையில் தேனீயைப் பார்த்துப் பாடும் பாட்டு பாறையில் பாடுவதற்கானது. அதைப் பள்ளி ஆண்டு விழாவில் பாடச் சொல்வது சரியா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்களும் நானும் இல்லை. மருந்துச் செடி இன்னும் கவனமான விஷயம். அகத்திய மலையில் 1987-இல் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கு வாழும் காணிக்காரப் பழங்குடியினர் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டியாகப் போனார்கள். களைப்பே இல்லாமல் நடந்த அவர்கள் தின்ற சின்னப் பழம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதில் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை வெளியே வந்தது, ‘ஜீவனி’ என்ற மருந்தாக விற்பனைக்கும் போனது. வருமானத்தில் காணிகளுக்குப் பங்கு தர ஏற்பாடு நடந்தது, உலகமே அதை முன்னுதாரணமாகப் பேசியது. அப்படியிருந்தும், எங்கள் ரகசியத்தைக் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள் என்ற மனவருத்தம் காணிகளுக்குள்ளேயே இருந்தது. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ‘எங்க பாட்டி வயித்துவலிக்கு இதைத் தருவாங்க’ என்று எழுதியதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் இது ஞாபகம் வர வேண்டும்.

அதனால் அலகு எழுதும் முன்பே ஊருக்குப் போங்கள். எழுதி முடித்துவிட்டு ‘ஒப்புதல்’ வாங்கப் போனால் அது வெறும் கையெழுத்து. வெறும் கையோடு போய், மூப்பரிடமும் பெண்களிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: பிள்ளைகளுக்கு எதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்? எதை நீங்களே வீட்டில் சொல்லிக்கொள்வீர்கள்? எதைப் பள்ளியில் பேசவே வேண்டாம்? மூன்றாவது கேள்விக்கான பதிலை எழுதிக்கூட வைக்காதீர்கள், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தின் அட்டப்பாடி இருளர் ஊர்களில் மண்ணூக்காரன் என்றே ஒரு பொறுப்பு உண்டு, மண்ணும் விதைப்பும் அறிந்தவர். உங்கள் ஊரில் அப்படி யாரிடம் எந்த அறிவு இருக்கிறது என்பது இந்தப் பேச்சில்தான் தெரியவரும்.

அப்புறம், வந்து பேசுகிற பெரியவருக்குப் பணம் கொடுங்கள். தேயிலைத் தோட்டத்தில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். வட்டார வள மையத்தில் பயிற்சி தருகிறவருக்கு மதிப்பூதியம் உண்டு என்றால் இவருக்கும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுச் செய்யலாம். சால்வை போர்த்தி அனுப்புவது மரியாதைதான். ஆனால் அதை வைத்து அரிசி வாங்க முடியாது.

மொழி விஷயத்தில் அஞ்சாதீர்கள். இருளமும் குறும்பமும் திராவிட மொழிகள். பிள்ளை சொல்வதைத் தமிழ் எழுத்தில் எழுத முயலலாம், சில ஒலி அடங்காது, அதையும் பிள்ளைகளோடு பேசலாம். ‘இது கொச்சைத் தமிழ்’ என்று மட்டும் ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு வசதி செய்து தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவே சொல்கிறது.

எண்ணைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. அலாஸ்காவின் வடகோடியில் காக்டோவிக் என்ற சின்ன ஊர். அங்குள்ள இன்யூபியாக் மக்களின் மொழி இருபது இருபதாக எண்ணும். பள்ளியில் எழுதுவதோ பத்து பத்தாகப் போகும் எண்கள். 1990-களின் தொடக்கத்தில் ஒரு கணக்கு வகுப்பில் பிள்ளைகள், நம் எண்ணுக்கு ஏன் எழுத்து இல்லை என்று கேட்டு, கோடுகளால் ஆன இருபது குறிகளைத் தாங்களே உருவாக்கினார்கள். கூட்டலும் வகுத்தலும் அதில் கண்ணால் பார்த்தே செய்ய வந்தது. 2022-இல் அந்தக் குறிகள் கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் சேர்ந்தன. அன்றைக்கு அந்த ஆசிரியர் ‘இது இன்றைய பாடம் இல்லை, உட்காருங்கள்’ என்று சொல்லியிருந்தால் எதுவும் நடந்திருக்காது. வளைந்து கொடுக்கும் அலகு என்று நான் சொல்வது இதைத்தான். பிள்ளை பாடத்தை வேறு பக்கம் இழுக்கும்போது, கூடவே போவதற்கு அதில் இடம் இருக்க வேண்டும்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மலை என்றதும் நமக்குத் திணை நினைவுக்கு வந்துவிடும். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற பிரிப்பு அலகு திட்டமிட அருமையான சட்டகம், நானே பயன்படுத்துகிறேன். முதலில் நிலமும் பொழுதும், பிறகு அங்குள்ள மரம், பறவை, உணவு, தொழில், பறை, தெய்வம், கடைசியில் மனிதர் வாழ்க்கை. ஆனால் அதை நம் திட்டத்தாளுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். ‘நீங்கள்தான் குறிஞ்சி நில மக்கள்’ என்று அந்தப் பிள்ளைகளிடம் சொன்னால், அவர்களுடைய கதையை எடுத்து நம் இலக்கியத்துக்கு விளக்கப்படமாக ஒட்டிவிடுகிறோம். அவர்கள் பழைய தமிழர்களின் மிச்சம் இல்லை. இன்றைக்கு, தங்கள் பெயரோடும் தங்கள் மொழியோடும் வாழும் மக்கள்.

இருளர் என்று ஒரே பெயர் இருப்பதால் இன்னொரு குழப்பமும் வரும். 1978-இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர்கள் சமவெளி இருளர்கள். அவர்களுடைய அறிவு வேறு, உங்கள் சரிவில் வாழும் இருளரின் அறிவு வேறு. படம் போட்ட புத்தகத்தைக் காட்டி ‘உங்க ஆளுங்க பாம்பு பிடிப்பாங்க’ என்றால் பிள்ளை முழிக்கும். குறும்பர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் சூனியம் வைப்பார்கள் என்ற பேச்சு மலையில் பழையது. 19-ஆம் நூற்றாண்டில் அதைச் சொல்லியே குறும்பர்களைக் கொன்றிருக்கிறார்கள். கலப்பு வகுப்பில் ‘உங்க ஊர்க் கதை சொல்லு’ என்று பொதுவாகக் கேட்டால் அந்தக் கதையும் வரலாம். வந்தால் சிரித்துக் கடந்துவிடாதீர்கள். அன்றைக்குத் தேனை ஒதுக்கிவிட்டு அதைப் பேசுங்கள்.

நிலம் என்றால் காடு மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், பெற்றோர் கூட வர வேண்டும், உங்கள் பக்கம் காட்டெருமையும் கரடியும் தேயிலைக்குள்ளேயே நிற்கும். அனுமதி வரவில்லை என்றால் பள்ளி வேலியோரமே போதும். அங்கே உண்ணிச்செடி (லாண்டானா) கட்டாயம் இருக்கும். அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த செடி, இன்று காட்டையே மூடிக்கொண்டிருக்கிறது. கூடலூர்ப் பக்கம் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் சமூகக் கலைஞர்கள் அதே செடியின் தண்டை வெட்டிக் காய்ச்சி வளைத்து ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைச் செய்கிறார்கள்; அவை 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. ஒரே செடியில் வரலாறு, சூழலியல், கைவேலை மூன்றும் கிடைக்கும். புல்வெளியைத் தின்ற சீகை மரமும் தைலமரமும் எந்த நாட்டிலிருந்து வந்தன என்று பூகோளத்தில் கேளுங்கள். வெள்ளரிக்கோம்பைக் குறும்பர் ஓவியத்தைப் போல வேங்கைப் பிசினில் பழுப்பும் இலைச்சாற்றில் பச்சையும் எடுத்து வரையலாம். யாராவது ஓவியர் வந்து காட்டித் தந்தால் இன்னும் நல்லது.

புத்தகம் முடிப்பது, பதிவேடு எல்லாம் நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. புத்தகத்தை முதலில் ஒரு தடவை புரட்டி, அளவைகள், கோணம், உணவுச் சங்கிலி, கடிதம் எழுதுதல் என்று இந்த அலகில் தானாகவே வரும் பாடங்களுக்கு எதிரே பென்சிலால் டிக் போடுங்கள். அவற்றைத் தனியாக நடத்த வேண்டியதில்லை. வளரறி மதிப்பீட்டின் செயல்பாடுகளுக்கு அந்தச் சின்ன நோட்டும் விலைப்பட்டியலும் அப்படியே பொருந்தும். வட்டாரக் கல்வி அலுவலர் கேட்டால் கற்றல் விளைவு எண்ணோடு காட்டலாம். என் அனுபவத்தில், அலுவலரையும் ஒரு துண்டுக்கு வகுப்பில் உட்கார வைத்துவிட்டால் பாதிக் கேள்வி குறைந்துவிடும்.

உண்மையான மதிப்பீடு ஊரில் நடக்கும். கடைசி நாளில் பிள்ளைகள் தாங்கள் வரைந்த தேன் பாறை வரைபடத்தை ஊர்ப் பொது இடத்தில் விரித்து விளக்கட்டும். அதற்கு முன் ஒன்று: பாறை இருக்கும் சரியான இடம் வெளியாட்களுக்குத் தெரியலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் வரைபடம் ஊரிலேயே இருக்கட்டும், பள்ளிச் சுவரில் வேண்டாம்.

நான் முதலில் சொன்ன அந்தப் பாட்டி, இரண்டு வருடம் கழித்து இப்படி ஒரு வரைபடத்தின் முன் வந்து உட்கார்ந்தார். ஓடையை நாங்கள் தப்பான பக்கம் வரைந்திருந்தோம். குச்சியால் காட்டித் திருத்தினார். அப்புறம் அந்த ஓடைக்கரையில் தன் சின்ன வயதில் சாமையும் ராகியும் விதைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பிள்ளைகள் அழிரப்பரை எடுத்துக்கொண்டு அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அடுத்த அலகின் கேள்வி அன்றைக்கே கிடைத்துவிட்டது.

உங்களுக்கு இந்த வாரம் செய்ய ஒரே வேலை. ஒரு சார்ட் பேப்பரில் பெரிய வட்டம் போட்டு 12 மாதம் பிரித்து வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். எந்த மாதம் என்ன பூக்கும், என்ன கிழங்கு கிடைக்கும், எப்போது தேன், எப்போது விதைப்பு என்று தினம் ஒரு பிள்ளை வீட்டில் கேட்டு வந்து ஒன்றை எழுதட்டும். காலியாக இருக்கும் மாதங்களை நீங்கள் நிரப்பாதீர்கள். வட்டம் பாதி நிரம்பும்போது ஊருக்குப் போங்கள், அதைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு.